லம்பூன் நகரம்: சாமதேவி கதையில் எவ்வளவு வரலாறு இருக்கிறது?

ஆற்றுமணல்

தாய்லாந்துக்குப் போகிற நம் ஆட்களில் பலர் பாங்காக், அயுத்தயா, அப்புறம் சியாங் மாய் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சியாங் மாயிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் குவாங் ஆற்றங்கரையில் லம்பூன் இருக்கிறது. சின்ன மாகாணத் தலைநகர், நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஆனால் 1296ல் சியாங் மாய் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஓர் அரசு இருந்தது. அதன் பெயர் ஹரிபுஞ்சயம். அதை முதலில் ஆண்டது சாமதேவி என்ற பெண் என்று வடக்குத் தாய்லாந்தின் ஏடுகள் எல்லாம் சொல்கின்றன.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாசுதேவர் என்று ஒரு முனிவர் தொய் சுதேப் மலையில் இருந்தார். மலையின் பெயரே அவர் பெயர்தான். யானை, காண்டாமிருகம், காட்டெருது ஆகியவற்றின் காலடிக் குழிகளில் பிறந்த குழந்தைகளை அவர் கண்டெடுத்து வளர்த்தார். இன்னொரு பிள்ளையும் பெண்ணும் மான் வயிற்றில் பிறந்தவர்கள். அவர்களுக்காக ஊர் ஒன்று எழுந்தது. அங்கே ஒருநாள் மகன் தன் தாயை அடித்தான். தாய் அரசனிடம் முறையிட்டாள். அரசன் மகன் பக்கம் தீர்ப்புச் சொன்னான். தெய்வங்கள் நல்லவர்களை மட்டும் வெளியேறச் சொல்லிவிட்டு ஊரை வெள்ளத்தில் அழித்தன.

அதன் பிறகுதான் வாசுதேவர் புது நகரம் அமைக்க நினைத்தார். லவோவில், அதாவது இன்றைய லோப்புரியில், அவருடைய நண்பர் சுக்கதந்த முனிவர் இருந்தார். இருவரும் கலந்து பேசினார்கள். துதிக்கை உள்ள ஹஸ்திலிங்கப் பறவை ஒரு சங்கைக் கொண்டுவந்து போட்டது. அந்தச் சங்கின் வடிவத்திலேயே வாசுதேவர் தடியால் தரையில் கோடு கிழித்தார். கோடு அகழி ஆனது. ஆள யார்? லவோ அரசனின் மகளை அழைத்து வாருங்கள் என்று கவயன் என்ற தூதனை அனுப்பினார்கள்.

சாமதேவி அப்போது கருவுற்றிருந்தாள். 500 பிக்குகளும், கைவினைஞர்களும், வைத்தியர்களும், வணிகர்களும் உடன்வரப் பிங் ஆற்றில் எதிர்நீரில் ஏழு மாதம் பயணம் செய்து வந்து சேர்ந்தாள். வந்த ஏழாம் நாள் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவன் மகந்தயசன், இளையவன் அனந்தயசன். தாய்லாந்து மொழியில் மகந்தயோத், அனந்தயோத் என்பார்கள்.

என் கேள்வி இதுதான். ஏடுகள் கணக்குப்படி இது கி.பி. 660களின் தொடக்கம். இதில் எதை வரலாறு என்று எடுத்துக்கொள்வது? எனக்கென்று ஒரு பதில் இருக்கிறது. இந்தக் கதைகள் தேதியைச் சரியாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் யார் யார் இருந்தார்கள், யாருக்கும் யாருக்கும் உறவு, யாருக்கும் யாருக்கும் பகை என்பதைச் சரியாகச் சொல்கின்றன. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்

நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் நான் எதிர்ப்பக்கம்தான் நிற்கப்போகிறேன்.

சாமதேவியைப் பற்றிச் சொல்லும் மூல ஏடுகள் எப்போது எழுதப்பட்டவை? சாமதேவிவம்சம் பாலி மொழியில் போதிரம்சி என்ற பிக்கு எழுதியது, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஜினகாலமாலி இரத்தனபஞ்ஞர் எழுதியது, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே 700 ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடுவில் மோன் இனத்தாரின் ஹரிபுஞ்சய அரசு போய், சியாங் மாயைக் கட்டிய மங்ராயின் தாய் (Tai) இன அரசு வந்துவிட்டது. ஆளும் இனமே மாறிவிட்டது.

கல் என்ன சொல்கிறது? லம்பூனில் கிடைத்த பழைய மோன் கல்வெட்டுகள் ஏழெட்டு. தேதி உறுதியாகத் தெரிபவை 13ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி, 1210களைச் சேர்ந்தவை. சப்பசித்தி என்ற அரசன் மடம் கட்டியது, இடிந்த சேதியத்தை, அதாவது புத்தத் தூபியைப் புதுப்பித்தது, யார் யார் என்ன தானம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. சாமதேவி பெயர் எதிலும் இல்லை. லம்பூனின் கலைப்பொருள்களில் பெரும்பங்கும், அந்தத் தடித்த புருவமும் மீசையும் உள்ள சுடுமண் தலைகள் உட்பட, 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையானவை. 7ஆம் நூற்றாண்டு ராணிக்குச் சான்று கேட்டால் கையை விரிக்கத்தான் வேண்டும்.

தாமரைக்குளம்

கல்வெட்டுப்பித்தன் ஐயா, ஒரு சந்தேகம். சாமதேவி கோயில் என்று ஒன்று லம்பூனில் இருக்கிறதே, படிப்படியாக மேலே ஏறும் சதுரக் கோபுரம்? அதில் அவள் அஸ்தி இருக்கிறது என்று எங்கோ படித்தேன். அது எந்தக் காலம்?

கல்வெட்டுப்பித்தன்

அது வாட் சாமதேவி. ஊர்க்காரர்கள் வாட் கூ குத் என்பார்கள், உச்சி முறிந்த சேதியம் உள்ள கோயில் என்று பொருள். ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் பக்கத்துக்கு மூன்று மாடம், மாடத்துக்கு ஒரு நின்றகோலப் புத்தர், ஆக மொத்தம் 60 உருவங்கள். மேலே போகப் போக உருவங்கள் சிறிதாகும், அதனால் கோபுரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். தாய்லாந்தில் எஞ்சியிருக்கும் மோன் கட்டடங்களில் இவ்வளவு முழுமையானது வேறு இல்லை என்றே சொல்வேன்.

உச்சியில் பொன் கவசம் இருந்தது, அம்மாவின் சாம்பலை வைத்து மகன்கள் கட்டினார்கள் என்பது கதை. கல்வெட்டின்படி நிலநடுக்கத்தில் சேதமான சேதியத்தைச் சப்பசித்தி 1218ல் புதுப்பித்தான். நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

ஆற்றுமணல்

கல்லில் பெயர் இல்லை என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தானக் கல்வெட்டில் 500 ஆண்டுக்கு முந்தைய ராணியின் பெயர் ஏன் வரவேண்டும்? அந்தக் கல்லுக்கு அன்றைய அரசன், அன்றைய மடம், அன்றைய கொடை போதும்.

போதிரம்சி பற்றி ஒரு விஷயம் சேர்க்கவேண்டும். அவர் தன் கதையைத் தானே புனைந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளூர் மொழியில் வழங்கிவந்த பழைய வரலாற்றைத்தான் பாலியில் ஆக்குகிறேன் என்கிறார். அந்தப் பழைய பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் மோன் காலத்திலேயே ஏதோ ஒரு வடிவத்தில் கதை இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் மங்ராயின் வழிவந்த அரசர்களுக்கு, தாங்கள் வென்ற ஊரின் பழைய ராணியைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பெருமைப்படுத்த என்ன தேவை? இருந்த மரபை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இயல்பான விளக்கம்.

தேதி பின்னால் தள்ளப்படலாம். பல ஆய்வாளர்கள் 8ஆம் நூற்றாண்டு, அதற்கும் பின் என்று சொல்கிறார்கள். ஆனால் லவோவிலிருந்து மோன் பௌத்தம் ஆறு வழியாக வடக்கே வந்தது என்ற கதையின் முதுகெலும்பை யாரும் முறிக்கவில்லை. லவோவில் 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரையான மோன் கல்வெட்டுகள் உண்டு. லம்பூன் கல்வெட்டுகளும் மோன் மொழியே. நீள்வட்ட அகழி நகரமும் துவாரவதி என்ற பழைய மோன் பண்பாட்டுக் காலத்து ஊர்களின் அமைப்புதான். முனிவர் சங்கை வைத்துக் கோடு கிழித்தார் என்று கதை சொல்லும்போது, நீள்வட்ட அகழி என்ற நிஜமான பொருளைத்தான் அது விளக்கப் பார்க்கிறது.

நெடுவழி

வேலை நிமித்தமாகச் சில வருடம் சியாங் மாயில் இருந்தவன் நான். லம்பூனில் பெரிய சண்டையே சாமதேவி இருந்தாளா இல்லையா என்பதல்ல, விலங்கா கதையை எப்படிச் சொல்வது என்பதுதான். அதை இங்கே இதுவரை யாரும் தொடவில்லை.

விலங்கா லுவா மக்களின் தலைவன். தொய் சுதேப் மலையடிவாரம் முழுக்க அவன் கையில். தாய் இன மக்களும் மோன் மக்களும் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் லுவாக்கள். சாமதேவியை மணக்க அவன் ஆசைப்பட்டுத் தூது விட்டான். அவள் நேராக மறுக்கவில்லை. மலை மேலிருந்து உன் ஈட்டியை எறி, என் மதிலுக்குள் விழுந்தால் சம்மதம் என்றாள். முதல் எறியிலேயே ஈட்டி நகரத்துக்கு மிக அருகில் வந்து விழுந்தது. விழுந்த இடம் இன்றும் ஒரு குளம் என்பார்கள்.

ராணி பயந்துபோனாள். தன் உள்ளாடைத் துணியில் தலைப்பாகை ஒன்று தைத்து, வெற்றிலையையும் தீட்டுப்பட வைத்து, அன்பளிப்பு என்று அனுப்பினாள். மகிழ்ந்துபோய் அவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டான். பலம் போயிற்று. அடுத்து எறிந்த ஈட்டி மலையடியிலேயே விழுந்தது. அவமானம் தாங்காமல் ஈட்டியை வானத்தை நோக்கி எறிந்து தன் மார்பில் வாங்கிக்கொண்டு செத்தான்.

அதோடு முடியவில்லை. தன்னைப் புதைக்கும் இடத்திலிருந்து ஹரிபுஞ்சயம் தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்தான். மேளதாளத்தோடு சவப்பெட்டியை மலைமேல் தூக்கிப் போனார்கள். வழியில் பெட்டி கவிழ்ந்துவிட்டது. அந்த மலைக்குத் தொய் குவம் லோங் என்று பெயர், கவிழ்ந்த பெட்டி மலை. மே ரிம் பக்கத்தில் இன்றும் விலங்காவுக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

லம்பூனில் சாமதேவி தெய்வம். நோங் தொக் பூங்காவில் 1982ல் திறந்த அவள் சிலைக்கு முன்னால் எந்நேரமும் பூவும் ஊதுபத்தியும் இருக்கும். வடக்கே மலைப்பக்கம் போனால் அவள் வஞ்சித்தவனுக்கு விழா. இரண்டு பக்கமும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அழுகிற இடம் வேறு.

தாமரைக்குளம்

இந்தத் தீட்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. நகரம் ஆண்ட பெண், பிக்குகளைக் கூட்டிவந்தவள், கடைசியில் அவள் ஆயுதம் இதுதானா? ஏடுகளிலும் இப்படித்தான் இருக்கிறதா?

ஆற்றுமணல்

இல்லை. இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

சாமதேவிவம்சத்தில் ஈட்டியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. விலங்காவின் இடத்தில் மிலக்க அரசன், அதாவது மிலேச்ச அரசன், 80,000 பேரோடு படையெடுத்து வருகிறான். சிறு பிள்ளைகளான இரட்டையர் பட்டத்து யானைமேல் ஏறி எதிர்கொள்கிறார்கள். யானையைக் கண்டதுமே பகைவன் படை ஓடுகிறது. அப்புறம் சமாதானம். மிலக்க அரசன் தன் இரு மகள்களை இரு இளவரசர்களுக்கும் மணம் செய்து கொடுக்கிறான்.

பிக்கு எழுதிய ஏட்டில் கல்யாணம், மக்கள் வாய்க்கதையில் வஞ்சனையும் சாவும். எது உண்மை என்று கேட்பதைவிட, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். ஆற்றுவழி வந்த மோன் நகரத்தார், முன்பே இருந்த மலை மக்களைப் படையால் மட்டும் அடக்கவில்லை. பெண் கொண்டு, உறவு வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு அது தோல்வியாகத்தான் நினைவில் நின்றது. ராணிக்கு அந்தத் தந்திரத்தைக் கொடுத்தது தோற்றவர்களின் நாக்கு என்றே நான் படிக்கிறேன். எங்கள் தலைவன் வீரத்தில் தோற்கவில்லை, வீரத்தை வேறு வழியில் பறித்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த யானையையும் விடக்கூடாது. கறுத்த மேனியும் பச்சைத் தந்தமும் உடையது என்பார்கள். அதன் தந்தம் யாரை நோக்கித் திரும்புகிறதோ அவர் இறந்துவிடுவார் என்ற நம்பிக்கையால், செத்த பின் தந்தம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்திப் புதைத்து, மேலே உருளை வடிவச் சேதியம் எழுப்பினார்களாம். கூ சாங் என்று அந்தச் செங்கல் சேதியம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது, பக்கத்தில் மகந்தயசனின் குதிரைக்கும் ஒன்று. மக்கள் இன்றும் யானைப் பொம்மைகளைக் கொண்டுவந்து அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

கல்வெட்டுப்பித்தன்

லுவா விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். கதைக்கு வெளியேயும் அதற்குச் சான்று உண்டு. சியாங் மாய் அரசர்கள் நகரத்துக்குள் முறைப்படி நுழையும்போது ஒரு லுவா ஆள் கூடை சுமந்து, நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது வழக்கம். பர்மியர்களை விரட்டிய கவிலன் 1790களில் சியாங் மாய்க்குள் நுழைந்தபோதும் இது நடந்தது. இன்றைய மியான்மரில் உள்ள கெங்துங்கிலும் இதே போன்ற சடங்கு இருந்தது. மண்ணின் முதல் சொந்தக்காரர் அவர்கள் என்று ஆளும் குலமே சடங்கில் ஒப்புக்கொள்கிறது. இப்படிப்பட்ட சடங்கை நான் கல்லுக்குச் சமமாக மதிப்பேன்.

மண்ணுக்கடியிலும் இருக்கிறது. லம்பூனுக்கு அருகே பான் வாங் ஹாய் என்ற இடத்தில் நகரத்துக்கு முந்தைய இரும்புக்காலப் புதைகுழிகள் கிடைத்தன. எலும்புக்கூடுகளோடு இரும்புக் கருவி, வெண்கல அணி, மணிகள். வாசுதேவர் வந்து வெறுங்காட்டில் நகரம் கட்டவில்லை. ஆற்றோரத்தில் ஏற்கெனவே ஊர்கள் இருந்தன.

பனையோலை

எந்த ஆற்றோரம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சாமதேவி வந்தது பிங் ஆற்றில். இன்று லம்பூன் இருப்பது குவாங் ஆற்றில். பிங் மேற்கே பல கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. குவாங் லம்பூனைத் தாண்டிப் போய் பா சாங் பக்கத்தில்தான் பிங்கோடு சேர்கிறது. அப்படியானால் ராணியின் படகு எங்கே நின்றது?

ஆற்றுமணல்

ஆறு இடம் மாறிவிட்டது, பனையோலை. பழைய பிங் சியாங் மாய்க்குக் கீழே கிழக்குப் பக்கமாக வளைந்து, சாரபி வழியாக லம்பூன் மதிலை ஒட்டி ஓடியது. அந்தப் பழைய தடத்துக்குப் பிங் ஹாங் என்று பெயர். பிற்காலத்தில் ஆறு மேற்கே நகர, விட்டுப்போன தடத்தின் கீழ்ப்பகுதியைக் குவாங் எடுத்துக்கொண்டது. மங்ராய் சியாங் மாய்க்கு முன்பு கட்டிய வியாங் கும் காம் நகரமும் அந்தப் பழைய தடத்தில் இருந்ததுதான். வெள்ளமும் வண்டலும் அதை மூடிவிட்டன. 1984 முதல் தோண்டி எடுத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கோயில்களின் அடித்தளம் இன்றைய தரைக்குக் கீழே குழிக்குள் கிடக்கும். ஆறு எவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது என்பது அப்போது புரியும்.

ஏழு மாதப் பயணத்தையும் மிகை என்று ஒதுக்கவேண்டாம். தாக் நகரத்துக்கும் ஹோத்துக்கும் நடுவே பிங் மலைகளைக் குடைந்து வரும், பாறையும் சுழலுமாக இருந்த பாதை அது. 19ஆம் நூற்றாண்டிலும் பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்குப் படகில் மேலேறி வர மாதக்கணக்கில் ஆகும். வழியில் தங்கிய இடமெல்லாம் ராணி கோயில் கட்டினாள் என்பார்கள், ஹோத் பழைய ஊரை நிறுவியதே அவள்தான் என்பார்கள். 1964ல் முடிந்த பூமிபோல் அணையின் நீர்த்தேக்கம் அந்தப் பழைய ஊரை விழுங்கிவிட்டது. பயணப் பாதையின் பெரும்பகுதியும் இப்போது தண்ணீருக்கு அடியில். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஓர் ஊரின் தோற்றக் கதை முழுக்க ஓர் ஆற்றுவழியாக இருக்க, அந்த வழியில் இன்று யாரும் படகில் வரமுடியாது.

நெடுவழி

இளையவன் அனந்தயசனை யாரும் கவனிக்கவில்லை. அண்ணனுக்கு ஹரிபுஞ்சயம் கிடைத்துவிட, எனக்கு ஊர் இல்லையா என்று அம்மாவிடம் கேட்டான். அவள் அவனை மலை தாண்டி அனுப்பினாள். கேலாங்கன் என்ற வேடனும் சுப்பிரம முனிவரும் சேர்ந்து வாங் ஆற்றங்கரையில் அவனுக்கு நகரம் அமைத்துக் கொடுத்தார்கள். அதுதான் கேலாங் நகரம், இன்றைய லம்பாங். லம்பூனும் லம்பாங்கும் அண்ணன் தம்பி ஊர்கள்.

சோழமண்டலம்

ஒரு கேள்வி. பெயர்கள் எல்லாம் வாசுதேவர், சாமதேவி, பிற்கால ஹரிபுஞ்சய அரசன் ஆதித்தராஜன் என்று இருக்கின்றன. சோழர் காலத்துத் தொடர்பு ஏதாவது உண்டா? தாய்லாந்தில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கல்வெட்டுப்பித்தன்

தமிழ்க் கல்வெட்டு இருப்பது தக்குவா பாவில். தீபகற்பத்தின் மேற்குக் கரை, 9ஆம் நூற்றாண்டு, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயர் வரும் குளக் கல்வெட்டு. லம்பூன் அங்கிருந்து வெகுதூரம், உள்நாடு. ஹரிபுஞ்சயத்தின் பெயர்கள் பாலியும் சமஸ்கிருதமும் பௌத்தம் வழியாக மோன் மக்களிடம் போனவை. அதில் தமிழர் கை இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை.

சுற்றி வளைத்து ஓர் இழை மட்டும் உண்டு. ஜினகாலமாலியில் ஒரு போர் வருகிறது. ஹரிபுஞ்சய அரசன் லவோமீது படையெடுக்கிறான். லவோ அரசன் எதிர்க்கக் கிளம்புகிறான். இருவரும் வெளியே நிற்கும் நேரத்தில் தெற்கே சிறீதர்மநகரத்திலிருந்து ஜீவகன் என்ற அரசன் கப்பலும் படையுமாக வந்து லவோவைப் பிடித்துக்கொள்கிறான். ஊர் போய்விட்டது என்று தெரிந்ததும் இருவரும் ஹரிபுஞ்சயத்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். லவோ அரசன் முந்திக்கொண்டு அரண்மனையையும் அரசியையும் எடுத்துக்கொள்கிறான். சிறீதர்மநகரம் என்பது இன்றைய நக்கோன் சி தம்மராத், பழைய தாம்பிரலிங்கம். இராசேந்திரன் 1025 படையெடுப்பில் வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்லும் மாதமாலிங்கம் அதுதான் என்பது பொதுக் கருத்து. அவ்வளவுதான் தொடர்பு. ஜீவகன் கதை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

பனையோலை

அதே 11ஆம் நூற்றாண்டில்தான் அந்தக் கொள்ளைநோயும். என்னைப் பொறுத்தவரை ஹரிபுஞ்சய ஏடுகளில் மிக நம்பகமான பகுதி அது.

காலரா போன்ற நோய் ஊரை அழிக்க ஆரம்பித்தது. பிழைத்தவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு மேற்கே மலை தாண்டி சுதம்மம், அதாவது தாத்தோன், போனார்கள். அங்கே பர்மாவின் புகாம் (பகான்) அரசனால் தொல்லை. அங்கிருந்து ஹம்சாவதி, அதாவது பெகு (இன்று பாகோ), போனார்கள். ஹம்சாவதி அரசன் துணியும் சோறும் வீடும் கொடுத்தான். இரண்டு ஊரார் பேச்சும் ஒன்றே, கொஞ்சமும் வேறுபாடு இல்லை என்று ஏடு எழுதுகிறது. ஆறு ஆண்டுக்குப் பின் நோய் தணிந்தது. திரும்ப விரும்பியவர்கள் திரும்பினார்கள், மற்றவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பியவர்கள் அங்கே விட்டுவந்த உறவினரை நினைத்து ஆண்டுதோறும் படையல் பொருள்களை ஆற்றில் விட்டார்கள். வடக்கில் விளக்கு மிதக்கவிடும் விழாவுக்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள்.

இதை எழுதிய பிக்குகள் தாய் இன மொழி பேசியவர்கள். மோன் மக்களின் பெருமையைக் கூட்டிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை. அப்படியும் லம்பூன் பேச்சும் பெகு பேச்சும் ஒன்று என்ற செய்தி தப்பி வந்திருக்கிறது. கல்வெட்டுகள் மோன் மொழியில் கிடைத்தபோது அது அப்படியே உறுதியாயிற்று.

கல்வெட்டுப்பித்தன்

இந்த இடத்தில் ஏட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

தாமரைக்குளம்

அந்தப் பெரிய பொன் சேதியம் பற்றி யாராவது சொல்லுங்கள். வாட் பிரா தாத் ஹரிபுஞ்சய். காகம் ஒன்று வரும் கதை என்று கேள்வி.

ஆற்றுமணல்

ஆதித்தராஜன் அரண்மனையில் கழிப்பறை ஒன்று கட்டினான். அவன் அங்கே போகும்போதெல்லாம் ஒரு காகம் பறந்து வந்து எச்சமிட்டது. பிடிக்கச் சொன்னான், கொல்லப் பார்த்தான். அமைச்சர்கள் தடுத்தார்கள். கனவில் தெய்வம் வந்து ஒரு வழி சொன்னது. பிறந்த குழந்தையை அந்தக் காகத்தோடு சேர்த்து வளருங்கள், அது காக்கை மொழியைக் கற்றுக்கொள்ளும் என்றது. ஏழு வருடம் கழித்துப் பிள்ளை பேசியது. இந்த இடத்துக்கு அடியில் புத்தரின் திருவெலும்பு இருக்கிறது. புத்தர் இங்கே வந்தபோது ஒரு மலைவாசி கடுக்காய் கொடுத்தான், அதை உண்டுவிட்டு, பிற்காலத்தில் இங்கே நகரமும் என் எலும்பும் இருக்கும் என்றார். என் பாட்டன் வெள்ளைக் காகம் காவலுக்கு என்னை வைத்தான். இப்படிக் காகம் சொன்னதாம். அரசன் அரண்மனையை இடித்துவிட்டு அங்கே சேதியம் எழுப்பினான்.

அரண்மனை இருந்த இடமே கோயில் ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். இன்றும் கோயில் பழைய நகரத்தின் நட்டநடுவில், குவாங் ஆற்றைப் பார்த்த வாசலோடு இருக்கிறது. சேதியம் பின்னால் பலமுறை பெரிதாக்கப்பட்டு இப்போது 46 மீட்டர், உச்சியில் ஒன்பது அடுக்குப் பொற்குடை. மே மாத வாக்கில் வடக்குக் கணக்கின் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று திருமஞ்சனம். அதற்கான தண்ணீர் தொய் காமோ மலையுச்சிக் கிணற்றிலிருந்து வரும்.

அந்த மலைவாசியையும் விட்டுவிடாதீர்கள். முதல் பிச்சை இட்டவன் லுவா. கோயிலின் தோற்றக் கதையிலும் அவர்களுக்கு இடம் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

நெடுவழி

முடிவையும் சொல்லிவிடுவோம். மங்ராய் ஃபாங்கில் இருந்தபோது ஹரிபுஞ்சய வணிகர்கள் வந்துபோவதைப் பார்த்து அந்த ஊரின் செல்வத்தைப் பற்றிக் கேட்டறிந்தான். நேராகப் படையெடுக்கவில்லை. ஆய் ஃபா என்பவனைத் தண்டித்து விரட்டியது போல நடித்து அனுப்பினான். ஆய் ஃபா அரசன் யீ பாவிடம் வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, வரி வாங்கும் பொறுப்பும் வழக்குக் கேட்கும் பொறுப்பும் வாங்கிக்கொண்டான். அதுவரை குறையுள்ளவர்கள் நேரே அரசனிடம் போகலாம். அவன் அதை நிறுத்தினான். கடுங்கோடையில் மண் இறுகிக்கிடக்கும்போது கால்வாய் வெட்டச் சொன்னான். நாற்று நட்ட வயல் மேலேயே அரண்மனைக்கு மரம் இழுக்கச் சொன்னான். கேட்டவர்களிடம் எல்லாம், அரசன் கட்டளை, நான் என்ன செய்வேன் என்றான்.

ஏழு வருடத்தில் ஊர் அரசனை வெறுத்துவிட்டது. மங்ராய் படையோடு வந்தபோது சண்டைபோட ஆள் இல்லை. 1281 என்பது வழக்கமான கணக்கு, சில ஏடுகள் 1292 என்கின்றன. யீ பா மகனிடம் லம்பாங்குக்கு ஓடினான். போகும் வழியில் திரும்பிப் பார்த்து அழுத மலைக்கு அவன் அழுகையையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

நகரம் எரிந்தபோது ஒரு சிறு கோயில் மட்டும் தீப்பிடிக்காமல் நின்றதாம். உள்ளே வெள்ளை ஸ்படிகப் புத்தர். சாமதேவி லவோவிலிருந்து தன்னோடு கொண்டுவந்தது. மங்ராய் அதை எடுத்துப்போய் வழிபட்டான். இன்று சியாங் மாயில் வாட் சியாங் மான் கோயிலில் இருக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்

மங்ராய் லம்பூனைத் தலைநகராக வைத்துக்கொள்ளவில்லை என்பதும் முக்கியம். திருவெலும்பு இருக்கும் ஊர் என்று கோயிலுக்கே விட்டுவிட்டு வெளியேறி, வியாங் கும் காம், பிறகு சியாங் மாய் என்று கட்டினான். அதனால் லம்பூன் அரசியலில் சிறுத்தாலும் சமயத்தில் பெரிதாகவே நின்றது. 1369ல் சுகோதையிலிருந்து சுமன தேரரை அழைத்த குவே நா அரசன் அவரை முதலில் தங்கவைத்தது லம்பூனின் வாட் பிரா யூனில்தான். அந்த வரவேற்பைச் சொல்லும் 1370 கல்வெட்டு அங்கேயே கிடைத்தது, தாய் இன மொழியில். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய மோன் கல்வெட்டுகளையும் அதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஊரின் மொழி எப்போது மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

தாமரைக்குளம்

அப்படியானால் இன்று லம்பூனில் இருப்பவர்கள் அந்த மோன் மக்களின் வழிவந்தவர்களா?

நெடுவழி

பெரும்பாலும் இல்லை. பர்மியர் ஆட்சியிலும் போர்களிலும் ஊர் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. 1805 வாக்கில் கவிலன் குடும்பத்தார் இன்றைய மியான்மரின் ஷான் மாநிலத்தில் உள்ள மூவாங் யோங்கிலிருந்து மக்களைக் கூட்டிவந்து குடியேற்றினார்கள். இன்று லம்பூன்காரர்களில் பெரும்பகுதி யோங் மக்கள்தான். குவாங் ஆற்றின் கிழக்குக் கரையில் வியாங் யோங் என்றே ஒரு பகுதி இருக்கிறது, அவர்களுடைய நெசவு பேர்போனது. சாமதேவிக்கு இன்று மாலை போடுகிறவர்களில் பலர் இவர்கள்தான்.

பனையோலை

அடுத்த மாதம் சியாங் மாய் போகிறேன், லம்பூனுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். கல்வெட்டுகளை எங்கே பார்ப்பது?

கல்வெட்டுப்பித்தன்

வாட் பிரா தாத்தின் பின்பக்கம், தெருவைக் கடந்தால் ஹரிபுஞ்சய தேசிய அருங்காட்சியகம். கல்வெட்டுகள் கீழ்த்தளத்தில், சுடுமண் தலைகள் மேலே. காலையில் வாட் சாமதேவிக்குப் போங்கள், அந்த நேரத்தில் கிழக்கு மாடங்களில் வெயில் நேராக விழும், உருவங்கள் தெளிவாகத் தெரியும். திங்கள், செவ்வாய் தவிர்த்துவிடுங்கள், தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் பல அந்த நாள்களில் மூடியிருக்கும்.